பதினெட்டாவது கொடியும் யூஜின் மல்வியும்

யூஜின் மல்விக்குத் தன் சொந்த அண்ணன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இறுதிச் சுற்று ஆட்டம் பார்க்க அனுமதி இல்லை. யாரும் இதை ஒரு சண்டையின் முடிவாகச் சொல்லவில்லை. அண்ணன் தம்பிக்குள் சண்டையே கிடையாது. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பாஸ்டன் நகரத்து டார்செஸ்டர் பகுதியில், டாட் அவென்யூவிலிருந்து பிரியும் சந்தில், மூன்று அடுக்கு மரவீடு. கீழே கேப் வெர்டி தீவுக்காரர் பார்ரோஸ் குடும்பம். நடு மாடியில் அண்ணன் ஜெரார்டும் அண்ணி பிலிஸும். மேல் மாடியில் கல்யாணம் செய்துகொள்ளாத யூஜின். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி சமைத்தால் இறங்கி வந்து சாப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு அவர்தான் மரம் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் ஜூன் மாதம் வந்து, பாஸ்டனின் கூடைப்பந்து அணி செல்ட்டிக்ஸ் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டால், அந்தக் கதவு அவருக்குச் சாத்திக்கொள்ளும்.

காரணம், அவர் ராசியில்லாதவர்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் அண்ணி வருடத்தோடு சொல்வாள். எண்பத்து நான்கில் கோப்பை ஜெயித்தபோது யூஜின் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பத்தைந்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார், மேற்குக் கரையின் லேக்கர்ஸ் அணி நம் ஊருக்கே வந்து நம் கண்முன்னே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்பத்தாறில் மறுபடி பேருந்து, மறுபடி கோப்பை. அப்போதும் யாருக்கும் பெரிய சந்தேகம் எழவில்லை. எண்பத்தேழில்தான் விஷயம் உறுதியானது. பாஸ்டன் பதினாறு புள்ளி முன்னால் நின்றுகொண்டிருந்த நேரத்தில் யூஜின் வேலை முடிந்து, சீருடையோடு, கையில் இரண்டு பீட்சாவோடு கதவைத் திறந்தார். அதற்கப்புறம் அந்தப் பதினாறும் ஓட்டை வாளித் தண்ணீர் மாதிரி ஒழுகிப் போனது. கடைசி இரண்டு விநாடியில் லேக்கர்ஸ்காரன் ஒரு கையால் கொக்கி போட்டு எறிந்த பந்து உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியில் தோல்வி.

அறையில் இருந்தவர்கள் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. யூஜினைப் பார்த்தார்கள்.

"டேய், நீ ஏன்டா வந்த?" என்றார் ஜெரார்ட். பாதி சிரிப்பு, பாதி அழுகை.

"பசிக்கும்னு பீட்சா வாங்கிட்டு வந்தேன்ணே."

"பீட்சா ஆறிப் போச்சு. எங்க கதையும் ஆறிப் போச்சு. நீ மேல போடா சாமி."

வேடிக்கையாகத்தான் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னதுதான் நிலைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருபத்தோரு வருடம் பாஸ்டன் இறுதிச் சுற்றுப் பக்கமே போகவில்லை. இரண்டாயிரத்து எட்டில் மீண்டும் போனபோது, அந்த வேடிக்கையை யாரும் மறந்திருக்கவில்லை. யூஜினும் மறக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு மாலை வேலைக்குப் போனார். அஷ்மாண்ட் நிலையத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றபோது தெரு முழுக்க ஆரன் சத்தம் கேட்டது. லேக்கர்ஸை முப்பத்தொன்பது புள்ளியில் அடித்துத் துவைத்திருந்தார்கள். பதினேழாவது கொடி.

ஜெரார்டுக்குக் கொடிதான் எல்லாம். மற்ற ஊர் அரங்குகளில் பாதி வழி வந்ததற்கெல்லாம் கொடி தொங்கும். பாஸ்டனில் கோப்பைக்கு மட்டும்தான் கொடி. முதல் கொடி ஏறியபோது அவருக்கு எட்டு வயது. இருபத்தொரு வயது நிறைவதற்குள் பதினொன்று பார்த்துவிட்டார். ஜெயிப்பது என்பது பனி பெய்வது மாதிரி, வருடா வருடம் தானாக நடப்பது என்று நினைத்து வளர்ந்த மனிதர். அப்படி வளர்ந்தவர்களுக்குத் தோற்கத் தெரியாது. தோல்விக்கு எங்காவது ஒரு காரணம், ஒரு ஆள் வேண்டும்.

இரண்டாயிரத்துப் பத்தில் மீண்டும் லேக்கர்ஸ். கடைசி ஆட்டம் அவர்கள் ஊரில். அன்று பார்த்து யூஜினின் பேருந்து பழுதாகி, பணிமனையில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் முன்னறைக்குப் போகவில்லை. நேரே மேல் மாடிக்கு ஏறி, தொலைக்காட்சியைப் போடாமல், விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் படுத்துக்கொண்டார். கீழேயிருந்து கத்தல் தரைப் பலகை வழியாக ஏறி வந்தது. பதின்மூன்று புள்ளி முன்னணி வரை கத்தல் இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது. நான்கு புள்ளியில் தோல்வி.

மறுநாள் படிக்கட்டில் அண்ணி நிறுத்தினாள். "யூஜின், நேத்து நீ வீட்டுல இருந்தியா?"

"மேலதான் அண்ணி இருந்தேன். டீவிகூடப் போடல."

"அதான பாத்தேன்," என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து மேல் மாடியும் கணக்கில் சேர்ந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு இறுதிச் சுற்றில் அவர் வீட்டைவிட்டே வெளியேறி, கடற்கரையில் காரில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் தோற்றார்கள். இப்போதாவது பழி நீங்கும் என்று நினைத்தார். அண்ணி யோசித்துவிட்டுக் கேட்டாள்: "காருல ரேடியோ போட்டியா?" போட்டிருந்தார்.

ஒரு மனிதன் ஒரு இருக்கையில் உட்காருவதற்கும், மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பந்து வளையத்தில் விழாமல் போவதற்கும் என்ன தொடர்பு? யூஜின் இதைத் தன்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார். தொடர்பு இல்லை என்று உரக்கச் சொல்லிப் பார்த்ததும் உண்டு. சொன்னபோது ஒருவிதமான வெறுமை வந்தது. தொடர்பு இல்லையென்றால், இத்தனை வருடம் ஏன் வெளியே நின்றார்? தொடர்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பேருந்தில் அவர் தனியாக ஓட்டிய அந்த மாலைகளுக்கு ஒரு பொருள் உண்டு. எண்பத்து நான்கு, எண்பத்தாறு, இரண்டாயிரத்து எட்டு. மூன்று கொடியிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு, வராமல் இருந்தவரின் பங்கு. இந்த எண்ணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

இருபத்து நான்காம் வருடம் ஜெரார்டின் நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டிருந்தது. இளமையில் கப்பல் பட்டறையில் குழாய்களுக்குச் சுற்றிய கல்நார் தூள், ஐம்பது வருடம் உள்ளேயே காத்திருந்துவிட்டு இப்போது கழுத்தைப் பிடித்தது. மூக்கில் குழாய். முன்னறையில் சாய்வு நாற்காலிதான் படுக்கையும். அடுத்த ஜூனை அவர் பார்க்கமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அந்த வருடம் பார்த்து செல்ட்டிக்ஸ் இறுதிச் சுற்றுக்கு வந்தது. எதிரே டல்லாஸ்.

லேக்கர்ஸும் பதினேழு, நாமும் பதினேழு என்று நான்கு வருடமாக நின்றுகொண்டிருந்த கணக்கு அது. "பதினேழா? அதுல அஞ்சு வேற ஊருல ஜெயிச்சது," என்பார் ஜெரார்ட், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஏரி இருக்கிற ஊருலேர்ந்து டீமை வண்டியில ஏத்திட்டுப் போனானுங்க. ஒரு ஏரிகூட இல்லாத ஊருல உக்காந்துக்கிட்டு லேக்கர்ஸ், ஏரிக்காரன்னு பேரு. வெக்கமா இருக்காது?" சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். இருமலுக்கு நடுவிலும் சிரிப்பார். பதினெட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை.

யூஜினுக்கு வேண்டியது வேறு. அண்ணன் பக்கத்தில் ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம், உட்கார்ந்து, முழுதாக. அண்ணன் கத்தும்போது பக்கத்தில் கத்த வேண்டும். முப்பத்தேழு வருடமாக அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. இனிக் கேட்பதற்கு நேரமும் இல்லை.

ஏழு ஆட்டத்தில் முதலில் நான்கு ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. முதல் மூன்றையும் பாஸ்டன் வரிசையாக ஜெயித்தது. மூன்றுக்குப் பூஜ்யம் என்று போன பிறகு எந்த அணியும் அந்தத் தொடரை இழந்ததாகச் சரித்திரமே இல்லை. யூஜின் இரண்டு நாள் இதையே யோசித்தார். நான்காவது ஆட்டம் டல்லாஸில். ஜெயித்தால் கோப்பை. தோற்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது, இன்னும் மூன்று வாய்ப்பு. இதைவிடப் பத்திரமான ஆட்டம் இந்த ஜென்மத்தில் வராது. வெள்ளிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டு கீழே இறங்கினார்.

"அண்ணே, இன்னிக்கு நான் கீழ வந்து பாக்கட்டுமா?"

அண்ணி கையில் மாத்திரையோடு நின்றாள். கீழ்வீட்டுப் பார்ரோஸ், அண்ணனைப் பார்க்க வந்தவர், ஜன்னலைப் பார்த்தார். அண்ணன் மகள் மோரா மட்டும் பளிச்சென்று பேசினாள். "வாங்க சித்தப்பா! இதென்ன பைத்தியக்காரத்தனம்? ரெண்டு பேருக்கும் சேத்து நூத்தி நாப்பது வயசு ஆகுது."

"நீ சும்மா இரு மோரா," என்றாள் அண்ணி.

ஜெரார்ட் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மூணுக்கு சைபர். இதை உன்னாலகூடக் கெடுக்க முடியாதுடா. வா."

பார்ரோஸ் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். யூஜினும் சிரித்தார்.

சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். சோபாவில் அண்ணன் கைக்கு எட்டுகிற மூலையில் உட்கார்ந்தார். மோரா அவர் மடியில் ஒரு கிண்ணம் சோளப்பொரி வைத்தாள். ஆட்டம் ஆரம்பித்து ஐந்து நிமிடம் வரை எல்லாம் நன்றாக இருந்தது. அண்ணன் ஒருமுறை "போடு!" என்று கத்தி, இவர் முழங்கையைத் தட்டினார். அந்தத் தட்டு யூஜினுக்கு உடம்பெல்லாம் ஓடியது.

பிறகு பாஸ்டன் எறிந்த எதுவும் விழவில்லை. டல்லாஸ் எறிந்த எதுவும் வெளியே போகவில்லை. பாதி ஆட்டத்தில் இருபத்தாறு புள்ளி பின்னால். பார்ரோஸ் பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்து போனவர் திரும்பவில்லை. மூன்றாவது கால் பகுதி முடிவதற்குள்ளேயே பயிற்சியாளர் முக்கிய ஆட்டக்காரர்களை எல்லாம் இழுத்து உட்காரவைத்துவிட்டார். முடிவில் முப்பத்தெட்டுப் புள்ளியில் தோல்வி. இறுதிச் சுற்றில் ஒரு அணி இவ்வளவு கேவலமாக அடி வாங்கியது அபூர்வம்.

எழுந்து போயிருக்கலாம். பாதி ஆட்டத்திலேயே எழுந்து போகத்தான் நினைத்தார். ஆனால் போனால் ஒப்புக்கொண்டது போலாகும். போகாவிட்டால் எல்லோரையும் வதைப்பது போலாகும். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொரிகூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

யாராவது திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. அண்ணி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "போய்ப் படு யூஜின்," என்றாள் மெதுவாக, காய்ச்சல்காரனிடம் பேசுவது போல. ஜெரார்ட் கண்ணை மூடியிருந்தார். யூஜின் கதவருகே போனதும் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார்.

"டேய்."

"சொல்லுண்ணே."

"உன்மேல கோவம் இல்லடா. எனக்கு நேரம் இல்ல. அதான்."

"புரியுதுண்ணே."

"திங்கக்கிழமை..."

"நான் இருக்கமாட்டேன்ணே. ரேடியோவும் போடமாட்டேன்."

ஜெரார்ட் தலையை ஆட்டினார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. யூஜின் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே டெனியன் கடற்கரைக்குப் போய்விட்டார். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டார். காரின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பெஞ்சில் அலையைப் பார்த்து உட்கார்ந்தார். நெடுஞ்சாலை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆரன் அடிக்கத் தொடங்கியபோது விஷயம் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் இல்லை. எழுந்து நின்று, யாரும் இல்லாத கரையில் ஒருமுறை கை தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது நடு மாடிக் கதவு திறந்திருந்தது. பார்ரோஸ் படியிலேயே ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "யூஜின் அண்ணே! பதினெட்டு! நீங்க எங்க போயிருந்தீங்களோ அந்த இடத்துக்குக் கோயில் கட்டணும்!" உள்ளே ஜெரார்ட் முகமெல்லாம் ஈரமாக, குழந்தை போலச் சிரித்துக்கொண்டிருந்தார். தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடத்தில் அப்படிப் பிடித்ததில்லை.

"நன்றிடா," என்றார். "நீ வராம இருந்தியே. நீ எனக்குச் செஞ்சதுலயே பெரிய காரியம் இதுதான்டா."

அண்ணியும் கன்னத்தில் முத்தமிட்டாள். யூஜின் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். யாருக்கும் அது தோன்றவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஜெரார்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொன்னதாக மோரா போன் செய்தாள். யூஜின் ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். அறை வாசல் வரைக்கும் வந்தார். அங்கே கால் நின்றுவிட்டது.

மோரா வெளியே வந்தாள். "ஏன் சித்தப்பா இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. அப்பா முழிச்சிருக்காரு."

"இருக்கட்டும்மா. நான் இங்க இருக்கேன்."

"ஐயோ, இது ஆட்டம் இல்ல சித்தப்பா!"

"தெரியும்மா. தெரியாமலா இருக்கு?"

தெரிந்துதான் இருந்தது. ஆனால் கால் நகரவில்லை. உள்ளே போய், போன அடுத்த நிமிடம் ஏதாவது ஆகிவிட்டால்? முப்பத்தெட்டுப் புள்ளி அவர் கண்முன் நின்றது. வாசலுக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தாள். அவள் வா என்று சொன்னால் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். பிலிஸ் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மூச்சு இப்ப கொஞ்சம் சீரா இருக்கு யூஜின்," என்றாள். "காலைலவிட நல்லா இருக்கு. உனக்குக் காப்பி வாங்கிட்டு வரவா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "பால் வேண்டாம் அண்ணி," என்றார்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். எழுந்து நடக்கக்கூட இல்லை. அசைந்தால் உள்ளே ஏதாவது அசையும் என்பது போல உட்கார்ந்திருந்தார். இருட்டுவதற்கு முன்னால் உள்ளேயிருந்து மோராவின் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் வெளியே இருந்தும் அண்ணன் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் உள்ளே போனார். பிலிஸ் அவரை நிமிர்ந்து பார்த்து, "நீ வந்திருக்கலாம் யூஜின்," என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னாள்.

அக்டோபரில் புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். பதினெட்டாவது கொடியை அன்றுதான் அரங்கில் ஏற்றுகிறார்கள். எதிரே நியூயார்க். மோரா மேலே ஏறி வந்து, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். "அப்பாவுக்காக வாங்க சித்தப்பா. கொடி ஏறுறதை யாராவது பாக்கணும்ல?" அண்ணி தடுக்கவில்லை. "இது சாதா ஆட்டம்தான், கணக்குல வராது," என்று மட்டும் சொன்னாள். சாய்வு நாற்காலியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். யூஜின் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்.

கொடி மெதுவாக ஏறியது. வெள்ளையும் பச்சையும். பிலிஸ் அழுதாள். பார்ரோஸ் மூக்கை உறிஞ்சினார். பிறகு ஆட்டம் ஆரம்பித்தது.

எறிந்ததெல்லாம் விழுந்தது. தூரத்திலிருந்து எறிந்தார்கள், விழுந்தது. மூலையிலிருந்து எறிந்தார்கள், விழுந்தது. பார்க்காமல் எறிந்தாலும் விழும் போலிருந்தது. பார்ரோஸ் துள்ளிக்கொண்டிருந்தார். யூஜின் சோபாவின் நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு இருந்தார். முன்னணி பத்தானது, இருபதானது. ஒவ்வொரு பந்தும் வளையத்துக்குள் போகும்போது யாரோ நெஞ்சில் விரலால் குத்துவது போலிருந்தது.

இரண்டாவது கால் பகுதியில் அவர் ஒரு காரியம் செய்தார். வாழ்க்கையில் செய்யாத காரியம், டார்செஸ்டரில் பிறந்த எவனும் செய்யாத காரியம். நியூயார்க் ஜெயிக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டார். ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் பக்கத்திலாவது வரட்டும். ஒரு பத்துப் புள்ளியாவது ஒழுகட்டும். அவர் இங்கே உட்கார்ந்திருப்பதற்கு அங்கே ஏதாவது ஒன்று ஆகட்டும். ஆகாவிட்டால் முப்பத்தேழு வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அண்ணன் பக்கத்தில் காலியாகவே கிடந்த அந்த மூலைக்கு யாரிடம் போய்க் காரணம் கேட்பது?

எதுவும் ஆகவில்லை. பாஸ்டன் சாவகாசமாக ஜெயித்தது, இருபத்து மூன்று புள்ளியில்.

மோரா அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். "பாத்தீங்களா சித்தப்பா? நீங்க நடுவுல உக்காந்திருந்தும் ஜெயிச்சுட்டோம்! நான் சொல்லல, எல்லாம் வெத்துப் பேச்சுன்னு?"

"ஆமாம்மா," என்றார் யூஜின். "வெத்துப் பேச்சுதான்."

பிலிஸ் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அலம்புவதற்கு அங்கே பாத்திரம் ஒன்றும் இல்லை.